இலைக்குக் கட்டிய மாடிகள்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் ஒரு தடவையேனும் ஏறியவர்களுக்கு அந்தக் கட்டடம் தெரிந்திருக்கும். ஹட்டனைத் தாண்டியதும் பச்சைச் சரிவுகளுக்கு நடுவே, வெள்ளிப் பூச்சுப் பூசிய தகரச் சுவர்களோடு, மூன்று நான்கு மாடி உயரத்தில் நிற்கும். கூரையில் தோட்டத்தின் பெயர் பெரிய ஆங்கில எழுத்தில் இருக்கும். எல்லா மாடியிலும், எல்லாப் பக்கத்திலும், வரிசை வரிசையாகச் சன்னல்கள். சுற்றுவட்டாரத்தில் அந்த உயரத்துக்கு வேறு கட்டடம் இராது. தோட்டத்து மக்கள் அதை 'ஸ்டோர்' என்பார்கள். அது கோப்பிக் காலத்துச் சொல்; பயிர் மாறிய பிறகும் நாக்கில் தங்கிவிட்டது.

அத்தனை மாடி எதற்கு, அத்தனை சன்னல் எதற்கு? அழகுக்காக அந்தக் காலத்துத் துரைமார் ஒரு செங்கல்லையும் வீணாக்கியவர்கள் இல்லை. களஞ்சியங்களுக்கும் விநியோக நிலையங்களுக்கும் மென்பொருள் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு பொருள் எந்த வாசலால் உள்ளே வருகிறது, எங்கே காத்து நிற்கிறது, எத்தனை அடி நகர்ந்து எந்த வாசலால் வெளியேறுகிறது என்று படம் கீறுவதில் பாதி நாள் போகும். அந்தப் பழக்கத்தோடு பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது வருடங்களில் இலங்கை மலைகளில் உருவான தேயிலைத் தொழிற்சாலை, நான் அறிந்த தளவமைப்புகளில் மிகவும் கெட்டித்தனமானவற்றுள் ஒன்று. அந்தக் கெட்டித்தனம் எந்த இடத்தோடு நின்றுபோனது என்பதும் அதே படத்தில் தெரிகிறது.

கோப்பியிலிருந்து தொடங்கவேண்டும். கோப்பித் தோட்டத்தில் பழத்தின் தோலை உரிப்பதும், கொட்டையைப் புளிக்கவிட்டுக் கழுவுவதும், ஓரளவு காயவைப்பதும் மட்டுமே நடந்தன. ஓடைக்கரையில் ஒரு கொட்டகை, பக்கத்தில் ஒரு காயவைக்கும் களம், ஒரு ஸ்டோர், அவ்வளவுதான். மெல்லிய உமியோடு இருக்கும் கொட்டை மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறங்கும். மறுபடி காயவைத்து, உமி நீக்கி, பெண்களை இருத்தித் தரம் பிரித்து, கப்பலுக்கு ஏற்றும் வேலை எல்லாம் கொழும்பில் இருந்த முகவர் நிறுவனங்களின் களஞ்சியங்களில் நடந்தது. அதாவது உற்பத்தியின் பாதி மலையில், மறு பாதி துறைமுகத்துக்குப் பக்கத்தில். இது சாத்தியமானதற்குக் காரணம், உமியோடு காய்ந்த கோப்பிக்கொட்டை பொறுமையானது. வண்டி பாதையில் புதைந்து ஒரு வாரம் தாமதித்தாலும் முழுவதும் பாழாகிவிடாது.

1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டது. கொழும்பு–கண்டி ரயில்பாதை கோப்பிக்காகவே போடப்பட்டு 1867இல்தான் திறக்கப்பட்டிருந்தது. அடுத்த பதினைந்து வருடங்களில் கோப்பி அநேகமாக அழிந்தது. அந்த இடத்துக்கு வந்த தேயிலை, 1890களின் முடிவில் மூன்றரை லட்சம் ஏக்கருக்கும் மேல் பரவிவிட்டது. வரலாற்றுப் புத்தகங்கள் இதை ஒரு பயிரின் இடத்தில் இன்னொரு பயிர் வந்த கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் கொழுந்து கோப்பிக்கொட்டையைப்போலப் பொறுமையானது அல்ல. செடியிலிருந்து கிள்ளிய அந்தக் கணத்திலிருந்தே அது மாறத் தொடங்கிவிடுகிறது. கசங்கினால் கசங்கிய இடம் சிவக்கும். குவித்துவைத்தால் உள்ளே சூடேறி அவிந்துபோகும். கொழும்புக்கு அனுப்புவது இருக்கட்டும், அடுத்த பள்ளத்தாக்குக்கு அனுப்பவே யோசிக்கவேண்டும்.

ஆகவே கொழும்பில் இருந்த பாதி வேலையும் மலையேறியது. பறித்த இடத்திலிருந்து கூடையும் வண்டியும் எட்டுகிற தூரத்தில், பறித்த மறுநாளே வேலையை முடித்துவிடக்கூடிய ஒரு முழுத் தொழிற்சாலை வேண்டியிருந்தது. கொஞ்சம் பெரிய தோட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. உற்பத்தியை மையத்தில் வைப்பதா, பரப்பி வைப்பதா என்று இன்றைக்கும் நிறுவனங்கள் மாதக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசும் விடயத்தை இலங்கை மலைகளில் ஒரு இலை தீர்மானித்தது.

முதல் தொழிற்சாலை ஒரு விறாந்தை. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலையை அவருடைய பங்களா விறாந்தையில் மேசைபோட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கையை அழுத்தி ஆட்கள் உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி நெருப்பு, அதன்மேல் கம்பித்தட்டு, தட்டில் இலை. 1872இல் தனிக் கட்டடம் எழுப்பி அதற்குள் உருட்டும் பொறியையும் வைத்தார். 1873இல் அவர் லண்டனுக்கு அனுப்பிய தேயிலை 23 இறாத்தல். விறாந்தையில் தளவமைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை; எல்லாம் பத்து எட்டுக்குள் இருந்தன, ஒரே ஆளின் கண் எல்லாவற்றையும் பார்த்தது. நாளுக்கு ஆயிரக்கணக்கான இறாத்தல் கொழுந்து வரத் தொடங்கியபோதுதான் எது எதற்குப் பக்கத்தில் இருப்பது என்ற கேள்வி எழுந்தது.

நூறு கிலோ கொழுந்தைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம். அதில் 75 முதல் 80 கிலோ தண்ணீர். முதல் வேலை வாட்டுதல். 12 முதல் 18 மணித்தியாலம் காற்றுப்படக் கிடந்து, இலை துவண்டு, பாதித் தண்ணீருக்கு மேல் போய்விடவேண்டும். வாடி முடிந்தபோது நிறை 50, 60 கிலோவாகியிருக்கும். அடுத்து உருட்டும் பொறி. அது இலையை முறுக்கி உயிரணுக்களை உடைத்துச் சாற்றை வெளியே கொண்டுவரும். சாறு காற்றோடு சேர்ந்து ஒட்சியேற்றம் அடைவதைத் தொழிற்சாலையில் 'புளிப்பு' என்றோ 'நொதிப்பு' என்றோ சொல்வார்கள். உருட்டத் தொடங்கியதிலிருந்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் அது பதத்துக்கு வந்துவிடும். பதம் வந்த நிமிடத்தில் சூடான ட்ரையருக்குள் தள்ளி அதை நிறுத்தவேண்டும். இருபது நிமிடம் போல உலர்த்தியதும் ஈரப்பதன் 3 வீதம் அளவுக்கு வந்துவிடும். பிறகு சல்லடை, தரம் பிரித்தல், பெட்டி. பெட்டிக்குள் போவது ஏறத்தாழ 22 கிலோ.

இந்தக் கணக்கில் இரண்டு விடயம் கவனிக்கவேண்டும். ஒன்று, கால அளவு ஒரே மாதிரி இல்லை. வாட்டுவதற்கு ஓர் இரவு, உலர்த்துவதற்கு இருபது நிமிடம். ஓர் இரவு முழுக்க அசையாமல் கிடக்கும் இலைக்கு, அதுவும் மெல்லியதாகப் பரப்பிக் கிடக்கும் இலைக்கு, எவ்வளவு இடம் வேண்டும்! மரச்சட்டத்தில் சாக்குத்துணியை இழுத்துக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சில அங்குல இடைவெளியில் தட்டுகள் அடுக்கியும் போதவில்லை. கட்டடத்தின் பெரும்பகுதியை வாட்டுதல் எடுத்துக்கொண்டது. வெளியே இருந்து நாம் பார்க்கும் மாடிகள் எல்லாம் அதுதான். உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், சல்லடை, பெட்டியடைத்தல் என்று நாம் உற்பத்தி என நினைக்கும் அத்தனையும் நிலத்தளம் ஒன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவது விடயம் முதற்பார்வைக்குப் பிழையாகத் தோன்றும். நூறு கிலோவாக இருக்கும்போது, அதாவது மிகப் பாரமாக இருக்கும் வேளையில், இலையை உச்சிமாடிக்கு ஏற்றுகிறார்கள். எண்பது கிலோ தண்ணீரைக் கயிறுபோட்டு இழுத்து மேலே கொண்டுபோய், அதில் பாதிக்கு மேல் அங்கேயே ஆவியாக்கிவிடுகிறார்கள். நிலத்தளத்தில் வாட்டி, மீதியை மேலே அனுப்பினால் பாதிப் பாரம்தானே? இன்றைக்கு ஒரு பயிற்சிப் பொறியியலாளரிடம் எண்களை மட்டும் கொடுத்தால் அவர் அப்படித்தான் வரைவார்.

காரணம் மூன்று. மேலே காற்று அதிகம். மலைமுகட்டுக் காற்றைச் சன்னல்கள் வழியாக இலவசமாகப் பிடிக்கலாம். கீழே ட்ரையர் இருக்கிறது; அதன் வெப்பம் தானாகவே மேலெழும். மழைக்காலத்தில் வெளிக்காற்று ஈரமாக இருக்கும்போது அந்தச் சூட்டுக் காற்றை விசிறிகளால் மாடிக்கு இழுத்துவிடலாம். ஒரே விறகுக்கு இரண்டு வேலை. மூன்றாவது காரணம், உருட்டும் பொறிகள் பாரமானவை, சுழன்று சுழன்று ஆடுபவை. அவற்றை மண்ணில் ஊன்றிய அத்திவாரத்தில்தான் வைக்கமுடியும். ஆகவே பாரமான பொறி கீழே, இலேசான தட்டுகள் மேலே. ஒருமுறை ஏற்றிவிட்டால் அதன் பிறகு தூக்கவேண்டியதில்லை. வாடிய இலையை மாடித்தரையில் உள்ள துவாரத்தில் தள்ளினால், சரிவுக்குழாய் வழியாக நேரே கீழேயுள்ள உருட்டும் பொறியின் வாய்க்குள் விழும். டெட்ரோய்ட்டில் 1910இல் திறந்த ஃபோர்ட்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையும் மேல்மாடியிலிருந்து சரிவுக்குழாய்களால் பாகங்களைக் கீழே இறக்கியது. அதைப் பாராட்டாத நூல் இல்லை. நுவரெலியாப் பக்கத்துத் தகரக் கட்டடங்களைப் பற்றி அந்த நூல்களில் ஒரு வரியும் கிடையாது.

கட்டடம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதற்கும் இதே மாதிரி ஒரு கூட்டுக் காரணம் உண்டு. வாட்டும் மாடிக்குக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறவேண்டும். அகலம் கூடினால் நடுவில் கிடக்கும் இலை வாடாது. கீழ்த்தளத்திலோ, நீர்ச்சக்கரமோ டர்பைனோ எண்ணெய் இயந்திரமோ, எதுவானாலும் ஒரே ஒரு விசைமூலம்தான். அதிலிருந்து ஒரு நீண்ட இரும்புத்தண்டு கட்டடத்தின் நீளத்துக்கு ஓடும். ஒவ்வொரு பொறிக்கும் அந்தத் தண்டிலிருந்து தோல்பட்டி இறங்கும். பொறிகள் தண்டின் வழியே வரிசையாக நிற்கவேண்டியதாயிற்று. மேலே காற்று கேட்ட வடிவத்தையே கீழே இரும்புத்தண்டும் கேட்டது. இப்படிப் பொருந்தி வருவது என் தொழிலில் அபூர்வம்.

பொருந்தாத இடமும் ஒன்று இருந்தது. அமெரிக்கப் பொறியியலாளர் ரிச்சர்ட் மூத்தர் 1961இல் தளவமைப்புத் திட்டமிடலுக்கு ஒரு முறையை நூலாக எழுதினார்; இன்றும் அதுதான் பாடம். எந்த இரண்டு பிரிவுகளை எடுத்தாலும் அவற்றின் நெருக்கத்துக்கு ஓர் எழுத்துக் கொடுக்கவேண்டும். ஏ என்றால் ஒட்டியே இருக்கவேண்டும். ஈ, ஐ, ஓ, யூ என்று தேவை படிப்படியாகக் குறையும். கடைசியில் எக்ஸ்: பக்கத்தில் வைக்கவே கூடாது. நொதிக்கும் அறைக்கும் ட்ரையருக்கும் என்ன எழுத்துக் கொடுப்பது? பதம் வந்த நிமிடமே இலை ட்ரையருக்குள் போகவேண்டும் என்பதால் ஏ. நொதிக்கும் இலைக்குக் குளிரும் ஈரமும் வேண்டும், ட்ரையரோ அனல் கக்குகிறது, ஆகவே எக்ஸ். ஒரே சோடிக்கு இரண்டு எழுத்தும். மூத்தரின் நூலைப் படிக்க வாய்ப்பில்லாத அக்காலத்துக் கட்டடக்காரர்கள் இதற்குச் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒரு தடித்த சுவர், ஈரச்சாக்குத் தொங்கவிட்ட வாசல், சீமெந்துத் தரை, தரையெல்லாம் தண்ணீர் தெளித்த குளிர்ச்சி. சுவருக்கு அந்தப் பக்கம் சில எட்டில் ட்ரையரின் வாய்.

அந்த ட்ரையரையே ஓர் எல்லைச்சாவடி என்று சொல்லலாம். அதன் ஒரு வாய் ஈர உலகத்தில், மறுவாய் உலர் உலகத்தில். அந்தப் பக்கம் போன தேயிலை இந்தப் பக்கம் வரக்கூடாது. 3 வீத ஈரத்தோடு இருக்கும் தூள் பக்கத்தில் உள்ள எந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சல்லடை அறையின் தூசி பறந்து ஈர இலையில் படிந்தால் அதுவும் கெடும். சல்லடைகள் அதிர, பெண்கள் வரிசையாக இருந்து காம்பு பொறுக்குவது கட்டடத்தின் அந்தக் கடைசிப் பகுதியில்.

அதற்கடுத்த பெட்டியடைக்கும் அறைதான், கொழுந்துக்கு முதன்முதலாகக் காத்திருக்க அனுமதி கிடைக்கும் இடம். ஒவ்வொரு தரத்திலும் ஏலத்துக்கு வைக்கப் போதுமான அளவு சேரும்வரை தேயிலை அங்கே தங்கும். சேர்ந்ததும் ஒன்றாகக் கலந்து, ஈயத்தாள் போர்த்திய பெட்டிகளில் அடைத்து, வண்டியில் ரயில் நிலையத்துக்கு. மலையேறும் ரயில்பாதை 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் போய்ச் சேர்ந்தது. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று நடந்தது. பெரும்பகுதி அதன்பிறகும் பல காலம் லண்டன் ஏலத்துக்கே போனது. மலையிலிருந்து இறங்கும்போது நூறுக்கு இருபத்திரண்டாகச் சுருங்கிப்போன பாரம் என்பதால் வண்டிக்கும் ரயிலுக்கும் கப்பலுக்கும் தண்ணீர் சுமக்கும் செலவு இல்லை. கோப்பியின் பழைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் விநியோகச் சங்கிலி மிகவும் மெலிந்துபோயிருந்தது.

இதுவரை சொன்னது சுவருக்கு உள்ளே. யாழ்ப்பாணத்தவர் பலர் தோட்டங்களில் டீமேக்கராகவும் கிளாக்கராகவும் வேலைசெய்தார்கள். சுவருக்கு உள்ளே நின்று பார்த்த கதைகள் இங்கே, புலம்பெயர்ந்த நம்முடைய குடும்பங்களிலும் உண்டு. ட்ரையர் மணம், நள்ளிரவில் இலை வாடிவிட்டதா என்று கையில் பிடித்துப் பார்த்த தாத்தா, துரையின் குதிரை. வெளியே நின்று பார்த்த கதையை, அதாவது கொழுந்து அந்தக் கட்டடத்தின் வாசலுக்கு எப்படி வந்தது என்ற கதையை, வேறு குடும்பங்கள்தான் சொல்லமுடியும். திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்தவர்களின் குடும்பங்கள்.

களஞ்சியங்களை ஆராயும்போது நாங்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. ஒரு தொழிலாளி ஒரு நாளில் நடக்கும் பாதை முழுவதையும் வரைபடத்தில் ஒரே கோடாக இழுப்போம். முடிவில் அது நூடில்ஸ் தட்டுப்போல இருக்கும். ஸ்பகெட்டிப் படம் என்றே பெயர். கோடு எங்கே தடிக்கிறதோ அங்கே தளவமைப்பில் கோளாறு. கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கோட்டை இழுத்துப் பாருங்கள். விடியுமுன் லயத்திலிருந்து பிரட்டுக்களம். அங்கே பேர் பதிந்து, வழியில் குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, அன்றைக்குச் சொன்ன மலைக்கு ஏற்றம். இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை. கூடை நிறைந்ததும் கொழுந்து மடுவத்துக்கு இறக்கம், நிறுவைக்கு வரிசை. பால்குடிக் குழந்தை என்றால் மறுபடி பிள்ளைமடுவம். மறுபடி மலை. நாளுக்கு இரண்டு மூன்று நிறுவை. பொழுதுபட லயம், தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரை, விறகு.

தொழிற்சாலைக்குள் ஒரு சரிவுக்குழாயின் இடத்தை அடிக்கணக்கில் யோசித்தவர்கள் இந்தக் கோட்டைக் குறைக்க என்ன செய்தார்கள்? சில தோட்டங்களில் மலைக்கும் தொழிற்சாலைக்கும் இடையே கம்பிவடம் கட்டிச் சாக்குகளை வழுக்கவிட்டார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் அது அவசரப்பட்டது இலைக்காக. சாக்கு வடத்தில் பறந்தது, ஆள் படியில் இறங்கினாள். இதில் தனிப்பட்ட கொடூரத்தைத் தேடவேண்டியதில்லை, கணக்கு முறையைப் பார்த்தாலே போதும். கூலி நாளுக்கு ஒரு 'பேர்' என்று கணக்கிடப்பட்டது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். எத்தனை மைல் நடந்தாள் என்பதற்குப் பேரேட்டில் நிரல் கிடையாது. விலை போடாத ஒன்றை எந்தத் தளவமைப்பும் குறைக்காது. இது இன்றைய களஞ்சியங்களுக்கும் அப்படியே பொருந்தும்: தொழிலாளியின் நடைக்கு நிமிடக்கணக்கில் செலவு எழுதத் தொடங்கிய பிறகுதான் அலமாரிகள் அவரிடம் நகர்ந்து வரத் தொடங்கின.

தண்ணீருக்கு மட்டும் இரண்டு கணக்கும் தெரிந்திருந்தது. மடுவத்தில் நிறுக்கும்போது கூடைக்கும் சாக்குக்கும் இலையில் ஒட்டிய மழைநீருக்கும் என்று கொஞ்சம் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பது நிறுப்பவரின் விருப்பம். தோட்டத்துச் சண்டைகளில் பாதி அங்கேதான் தொடங்கியிருக்கும்.

இனி லயம். வழக்கமான லய அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு ஒடுங்கிய விறாந்தை. ஒற்றை லயம் என்றால் அறைகள் ஒரு வரிசை. இரட்டை லயம் என்றால் இரண்டு வரிசை முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் ஒரே சுவர். இரட்டை லயத்தில் பின்பக்கம் திறக்க வழியே இல்லை. பலவற்றில் சன்னலும் இல்லை. ஒரு கதவு, அதன் வழியே வரும் காற்று, உள்ளே அடுப்பு. ஒரு குடும்பம், சிலவேளை ஒன்றுக்கு மேல். அவை பெரும்பாலும் தேயிலைக்கு உதவாத துண்டுகளில், பள்ளங்களில் அமைந்தன.

இதே மலைகளில், இதே ஆட்களின் கையால், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக நாலு மாடி எழுப்பி இருநூறு சன்னல் வைக்கத் தெரிந்தவர்கள்தான் முதுகோடு முதுகு ஒட்டிய அறைகளையும் கட்டினார்கள். குறுக்குக் காற்றோட்டம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடமுடியாது. கொழுந்துக்கு அது ஒரு இரவுக்குத் தேவை. கிடைக்காவிட்டால் மறுநாள் ஏலவிலையில் தெரிந்துவிடும். ஆளுக்குக் கிடைக்காவிட்டால் இருமலில் தெரியும், அதற்கு ஏலம் இல்லை.

பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ என்ற பெயரில் தேயிலை உலர்த்தும் பொறிகள் செய்த சாமுவேல் டேவிட்சனின் கதை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. வட அயர்லாந்தில் பிறந்து அஸ்ஸாம் பக்கத்துத் தோட்டத்துக்கு இளைஞனாகப் போய், இலை உலர்த்தும் சிக்கலோடு மல்லுக்கட்டி, ஊர் திரும்பி 1881இல் தொழிற்சாலை தொடங்கியவர். சூட்டுக் காற்றை நன்றாகத் தள்ளவேண்டும் என்ற தேவையிலிருந்து 1898இல் ஒரு புதுவகை மையவிலக்கு விசிறியை உருவாக்கினார். அந்த விசிறி தேயிலையை விட்டு வெளியேறி உலகம் சுற்றியது. நிலக்கரிச் சுரங்கங்களில் ஆட்கள் மூச்சுவிடவும், கப்பல்களின் அடித்தளத்தில் காற்றுப் போகவும் அது பயன்பட்டது. தேயிலைக்காகப் பிறந்த விசிறி சுரங்கத்துக்குள் இறங்கிய அந்த வருடங்களில், அது பிறக்கக் காரணமான இலையைப் பறித்தவர்களின் அறைக்கு ஒரு சன்னல்கூட வைக்கப்படவில்லை. இதைச் செலவு என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டடத்தின் எல்லை எது என்று முதல்நாள் கீறிய கோடுதான் காரணம் என்று நினைக்கிறேன். கோட்டுக்கு உள்ளே வந்த எல்லாவற்றையும் அளந்தார்கள். லயம் கோட்டுக்கு வெளியே இருந்தது, பண்ணைக்கு வெளியே ஓடை இருப்பதுபோல.

மாடிகளின் முடிவு சாதாரணமாக வந்தது. 1960களில் வாட்டும் தொட்டிகள் பரவின. நீளமான தொட்டி, நடுவில் கம்பிவலை, வலைமேல் ஒரு அடி கனத்துக்கு இலை, அடியிலிருந்து மின்விசிறி காற்றை மேல்நோக்கித் தள்ளும். மெல்லியதாகப் பரப்பவேண்டிய தேவை போய்விட்டது. மூன்று மாடி செய்த வேலையை ஒரு மாடி செய்தது, சில இடங்களில் பக்கத்துக் கொட்டகையே போதுமாயிருந்தது. சாக்குத்தட்டுகளைக் கழற்றி எறிந்தார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுக்குப் போயின, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குத் திரும்பியது. இந்த மாற்றங்களுக்கிடையே பல தொழிற்சாலைகள் மூடப்பட்டன. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை 2001இலிருந்து தேயிலை நூதனசாலை. கந்தப்பொலையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் ஹோட்டல் ஆனது. உருக்குத் தூண்களும் சன்னல்களும் அப்படியே இருக்க, பழைய வாட்டும் மாடிகளைத் தடுத்துப் படுக்கையறைகள் ஆக்கியிருக்கிறார்கள். காற்றோட்டத்துக்குக் குறை சொல்லமுடியாது.

லயங்களில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. 2015க்குப் பிறகு தோட்டத் தொழிலாளருக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்தது. ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி நிலம். லய அறை 120 சதுர அடி. எத்தனை வீடு கட்டி முடிந்தது என்பது அரசியல்வாதிகளின் கணக்கு. என்னுடைய தொழில் வேறு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. அந்த ஏழு பேர்ச்சைத் தோட்ட வரைபடத்தில் எந்த இடத்தில் வெட்டுகிறார்கள்? மண் சரியாத சரிவிலா, சரியும் பள்ளத்திலா? பள்ளிக்கூடத்துக்கும் பஸ் பாதைக்கும் மடுவத்துக்கும் அங்கிருந்து எத்தனை நிமிட நடை?